ஏழாம் நம்பர் மலைச் சாமியைப் பரிசோதிக்க வெள்ளிக்கிழமைக்கு முன் ஆளனுப்பக் கோருதல்

அனுப்புபவர்:
சி. மாடசாமி (வயது 59),
முன்னாள் ஆயுதப் பரிசோதகர்,
4ஆம் லயம், கீழ்ப்பிரிவு,
வெள்ளைப்பாறைத் தோட்டம், மடுல்சீமை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், பதுளை.

விடயம்: மேற்படி தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் சாமி என்று கும்பிடப்படும் மோட்டார் குண்டை அகற்றுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் ஒரு பாலைவன நாட்டில், வெளிநாட்டு இராணுவ முகாம் ஒன்றில், ஏழு வருடம் ஆயுதப் பரிசோதகராக இருந்தவன். பத்து லட்சம் துப்பாக்கிகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன், ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய அதிகாரியும் என் கையொப்பம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. துப்பாக்கிக்குப் பிறகு குண்டுப் பெட்டிகளைத் தந்தார்கள். எது துருப்பிடித்தது, எது கசிகிறது, எதைத் தொடக்கூடாது என்று பார்ப்பதே என் வேலை. பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் முற்றல் இலையைத் தடவியே பிடித்த கை இது. அதை நம்பித்தான் என்னை எடுத்தார்கள்.

2. சென்ற மாத மழையில் ஏழாம் நம்பர் மலையின் மேல்பக்கம் சரிந்தது. அங்கே வாகை மரத்தடியில் இருந்த எங்கள் கவ்வாத்துச் சாமி மண்ணோடு போய்விட்டார். அவர் ஒன்றரை அடி உயர உருண்டைத் தலைக் கல். தேயிலையை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலைக்குக் கத்தி எடுக்குமுன் அவரைக் கும்பிடுவோம். மூன்றாம் நாள் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் சேற்றில் அதே உயரத்தில், அதே உருண்டைத் தலையோடு ஒன்று கிடப்பதைக் கண்டு, "சாமி திரும்பி வந்துட்டாரு" என்று அதே வாகை மரத்தடிக்குத் தூக்கிவந்து நிறுத்தி, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள்.

3. நானும் கும்பிடத்தான் போனேன் ஐயா. கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. மண்ணும் துருவும் ஏறிக் கல்லுப் போலத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கல்லுக்கும் இடுப்பில் வளையம் கிடையாது. எந்தச் சாமிக்கும் மண்ணுக்குள் தகர வால் கிடையாது. அது குழாயில் போட்டு ஏவுகிற மோட்டார் குண்டு. எந்தக் கலவர காலத்தில் யார் புதைத்தது என்பது என் பரிசோதனைக்கு உட்பட்டதல்ல. குங்குமப் பொட்டு வைத்திருக்கும் இடம்தான் வெடிக்க வைக்கும் முனை. அதற்கு முன்னால்தான் தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் முப்பத்திரண்டு பெண்கள் சூடம் கொளுத்துகிறார்கள்.

4. இதைவிடப் பெரிய ஆபத்து வெள்ளிக்கிழமை இருக்கிறது. பொங்கலுக்கு மறுநாள் கவ்வாத்து தொடங்குகிறது. முதல் தேங்காயைச் சாமியின் தலையிலேயே அடித்து உடைப்பது எங்கள் மலையின் வழக்கம். இந்த வருடம் உடைக்கும் முறை என் தங்கை மகள் நிஷாந்தினியின் புருஷன் தினேஸுக்கு. அவன் தேங்காயும் வாங்கிவிட்டான்.

5. சொல்லாமல் இருந்தேனா? என் மனைவி பாக்கியலெட்சுமி, "வெளிநாட்டுக்குப் போயி சாமி பயமும் விட்டுப்போச்சா ஒங்களுக்கு?" என்றாள். தினேஸ், "மாமா, நீங்க அங்க துப்பாக்கி தொடச்ச ஆளுதானே, சும்மா இருங்க" என்றான். தோட்டத்து மேலாளரான துரை, வதந்தி பரப்பினால் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பேன் என்றார். பொலிஸில் ஒருவர் சிரித்தார்; இன்னொருவர் சிரிக்காமல், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று என் பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

6. என்னை நம்பாததற்கு நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆகவே லயத்தில் நான் சொன்ன கீழ்வரும் கதைகளை இம்மனுவின் மூலம் வாபஸ் பெறுகிறேன்:
(அ) பீரங்கி வண்டியை ஓட்டிப்போய் வெங்காயம் வாங்கியது. நடந்துதான் போனேன்.
(ஆ) மணற்புயலில் ஒட்டகம் பறந்தது. பறந்தது கூரைத் தகரம்.
(இ) நான் ஊற்றிய பாலில்லாத் தேநீரான சாயத்தண்ணியைக் குடித்து ஜெனரல் அழுதது. அவர் சாதாரணச் சிப்பாய். அழவில்லை, சீனி கேட்டார்.
முதலாம் பத்தியிலுள்ள பத்து லட்சத்தையும் தாங்கள் விரும்பியபடி குறைத்துக்கொள்ளலாம். மூன்றாம் பத்தியில் ஒரு எழுத்தையும் குறைக்க விடமாட்டேன்.

7. அங்கே ஒரு நாள் ஒரு பெட்டியைப் பார்த்து "வேணாம்" என்று கையைக் காட்டினேன். நாலாயிரம் பேர், சரி, நானூறு பேர், ஒரு கேள்வி கேட்காமல் நகர்ந்தார்கள். பிறந்த தோட்டத்தில் முப்பத்திரண்டு பேரை நகர்த்த முடியவில்லை.

8. ஆனபடியால் பசறையில் நஸீர் நானாவின் கடையில் சிவப்புத் துணி வாங்கினேன். "எந்தக் கட்சிக்கு மாடசாமி?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிற கட்சிக்கு என்றேன். குண்டைச் சுற்றி நூறு மீற்றர் தள்ளிப் பதினாறு கொடி நட்டேன். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஐயா பிடுங்கினார், மறுபடி நட்டேன். மூன்று தடவை ஆயிற்று. இப்போது மலைக்கு ஏறும் படியில் கதிரை போட்டு, பெரட்டு தொடங்கி வேலை விடும்வரை உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்கு இடையூறு, சாமி நிந்தனை என்று தோட்டம் கடிதம் தந்திருக்கிறது. அதை மடித்துக் கதிரைக் காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறேன். பெண்களோ பக்கத்தில் மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கிச் சூடத்தோடு போய்விடுகிறார்கள். மலை பெரியது, நான் ஒருவன்.

9. நான் சாமிக்கு எதிரி அல்ல. உண்மையான சாமி இன்னும் அந்தச் சரிவுக்குக் கீழேதான் கிடக்கிறார். குண்டை எடுத்த மறுநாளே மண்வெட்டியோடு இறங்கி அவரைத் தோண்டி எடுப்பது என் பொறுப்பு.

10. ஆகவே, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னதாக இராணுவத்தின் குண்டு அகற்றும் பிரிவை அனுப்பும்படியும், அதுவரை அந்த மலைக்கு யாரும் போகாதபடி கட்டளையிடும்படியும் கேட்கிறேன். வருகிறவர்கள் அது கல் என்று சொன்னால், பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்து கும்பிட்டு, சாகும்வரை கதை சொல்வதை நிறுத்துகிறேன். குண்டு என்றால் எனக்கு மாலை வேண்டாம். அதை தினேஸிடம் தமிழில், சத்தமாக, ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகட்டும்.

11. ஆள் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை நான் அங்கே இருப்பேன். அன்று கதிரை படியில் இருக்காது; வாகை மரத்தடியில், அந்தக் குண்டுக்கும் தினேஸின் தேங்காய்க்கும் நடுவில் இருக்கும். இதில் மிகை ஏதும் இல்லை.

இப்படிக்கு,
எழுந்திருக்க மறுக்கும்,
சி. மாடசாமி (ஒப்பம்)

இடம்: ஏழாம் நம்பர் மலைப் படி, மடுல்சீமை
திகதி: 12.01.2026