குழாயில் வரும் காஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ இப்போது குறைவா? நான் சுகம்.

வீட்டு ஹீட்டிங்கைக் காஸிலிருந்து கரண்டுக்கு மாற்றினால் மலிவா என்று பார்க்கப் பழைய பில்களை எடுத்தேன். கரண்ட் யூனிட் நாலு மடங்கு விலை, அதனால் மாற்றவில்லை. ஆனால் நீங்கள் இங்கே வந்து நின்ற, கடுங்குளிரான தை மாதத்தில்தான் காஸ் ஆகக் குறைவாக ஓடியிருக்கிறது. நான் வேலைக்குப் போனதும் ஹீட்டிங்கை நிறுத்திவிட்டு இருந்திருக்கிறீர்கள்.

"சிலிண்டர் முடிஞ்சா எந்தக் கியூவிலை போய் நிப்பாய் தம்பி?" என்று கேட்டீர்கள். ஊரில் நீங்கள் காஸ் சிலிண்டருக்குக் கியூவில் நின்றதை மறந்து, பகிடி என்று சிரித்தேன். இங்கே காஸ் குழாயில் வருகிறது, முடியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "எனக்குக் குளிரேல்லை" என்றபோதும் நீங்கள் கோட்டைக் கழற்றவில்லையே.

இங்கே நீங்கள் போர்த்திக்கொண்டிருந்த அந்த நீலப் போர்வையை எங்கே மடித்து வைத்தீர்கள்? தேடுகிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இன்று ஹீட்டிங்கை நிறுத்தாமலே போகிறேன்.

உங்கள்
கீர்த்தனன்
குட்மேய்ஸ்