நான்கு சிவப்புக் கொடிகள்

எல் ஆல்டோ,
ஜூன் 21, 1998

அன்புள்ள ரெமி அண்ணனுக்கு,

தங்கை டெலியா எழுதுவது. புவனோஸ் ஐரஸ் குளிரில் நீயும் அண்ணியும் குழந்தை இவானும் சுகமாக இருக்க வேண்டும். நீ தைத்து அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா கழற்றுவதே இல்லை.

இதைக் கடைத் தொலைபேசியில் சொல்ல முடியாது. அப்பா பக்கத்திலேயே நிற்பார்.

உன் கடிதங்களை இப்போது நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அவருடைய மூக்குக்கண்ணாடி தொலைந்துவிட்டதாம். ஜன்னல் விளிம்பில்தான் இருக்கிறது.

போன வாரம் ஹுவாய்னா பொட்டோசி மலைக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள், கணவனும் மனைவியும். இந்தப் பருவத்தில் எங்கள் முதல் ஏற்றம். நடுராத்திரியில் கிளம்பினோம், ஒரே கயிறு. முன்னால் அப்பா, நடுவில் அவர்கள், கடைசியில் நான். அப்பா தலைவிளக்குப் போடவில்லை. ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள். "இந்தக் கெழவனுக்கு என் காலடி தெரியும். வெளிச்சம் பட்டா கோவிச்சுக்குவான்" என்று மலையைக் காட்டினார். வியந்தார்கள். போன வருடம் முழுக்க நானும் அப்படித்தான் வியந்தேன்.

நன்றாக விடிந்த பிறகு பெரிய பிளவுக்கு வந்தோம். போன வருடம் பனிப்பாலம் இருந்த இடம். அது இடிந்துவிட்டது. வழி இப்போது இருபது அடி இடப்பக்கம் தள்ளிப் போகிறது. மற்ற வழிகாட்டிகள் கொடி நட்டிருக்கிறார்கள். நான்கு. சிவப்பு.

அப்பா நேராக நடந்தார். நான் வாய் திறப்பதற்குள் இடுப்புவரை உள்ளே போய்விட்டார். கோடரியைப் பனியில் குத்தி அதன்மேல் விழுந்தேன். கயிறு தாங்கியது.

அவர் போன வருட மலையில் நடந்துகொண்டிருந்தார், அண்ணா.

மேலே வந்ததும் சிரித்தார். "காலப் புடிச்சு இழுக்குறான் பாரு, கெழவன்." அவர்களும் சிரித்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அப்பா என் முடிச்சைச் சரிபார்ப்பதுபோல் கிட்டே வந்தார்.

"கொடி எதுவும் இல்லல்லம்மா?"

கொடிகளைப் பார்த்தபடிதான் நின்றார்.

"இல்லப்பா" என்றேன்.

எனக்கு வயிற்றுவலி என்று சொல்லி எல்லோரையும் திருப்பி இறக்கினேன். இறங்கும்போது எப்போதும் பாடுகிறவர் அன்று பாடவில்லை.

ஜூலை இருபதாம் தேதி ஆறு பேர் வருகிறார்கள். அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். வழிகாட்டிகள் சங்கத்தில் நான் சொல்லிவிடுவதுதான் சரி. இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன். அந்தக் கதவை மாட்டியவரே அப்பாதான்.

இவானுக்கு முதல் முடி இன்னும் எடுக்கவில்லை அல்லவா? முதல் கற்றையைத் தாத்தா வெட்டாமல் யார் வெட்டுவது? அப்பாவுக்கு அதை எழுது. ஜூலை நடுவுக்குள் வந்தாக வேண்டும் என்று எழுது. தையல் பட்டறையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, இங்கேயே இருந்துவிடுங்கள் என்றும் எழுது. வேறு எதற்கும் அவர் மலையை விட்டு இறங்க மாட்டார்.

நானே ஒரு கடிதம் எழுதி, நீ எழுதியதாக வாசித்துவிடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் முடியவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் ஒன்றும் வராவிட்டால், சங்கத்துக்குள் போய்விடுவேன்.

குழந்தைக்கு என் ஆசிகள். கத்தரிக்கோலை அப்பா கையில் கொடுக்கும்போது உன் கையையும் அதன்மேல் வைத்துக்கொள். அங்கே அதுதான் வழக்கம் என்று அவரிடம் சொல்.

உன் தங்கை,
டெலியா