கிழக்கு மேட்டில் புதைத்த எலும்புச் சாடி

அனுப்புநர்:
சாக்காங் கிராமப் பள்ளி ஆறாம் வகுப்பு மாணவி. பெயர் எழுத அச்சமாக இருக்கிறது.

பெறுநர்:
நில விசாரணை அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: கிழக்கு மேட்டிலுள்ள லியாவ் குல மூதாதைக் கல்லறை பொய்யானது, நாளை மறுநாள் விசாரணையில் சாடியைத் திறந்து பார்க்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. கிழக்கு மேட்டில் வென் குலத்தார் ஆறு வீடுகளில் வசிக்கிறார்கள். வெள்ளத்தில் ஊரை இழந்து முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள். எங்கள் லியாவ் குலத்தார் இன்றும் அவர்களை வந்தேறிகள் என்கிறார்கள். யாருடைய கல்லறை பழையதோ அவர்களுக்கே மேடு என்று தாங்கள் தீர்ப்பளிக்கப் போவதாக அறிகிறேன்.

2. நாங்களும் வந்தவர்கள்தாம். பதினொரு தலைமுறைக்கு முன், முதல் மூதாதையின் எலும்புச் சாடியைச் சுமந்து வந்தபோது அது ஆற்றில் தொலைந்தது என்று எங்கள் வம்சப் புத்தகத்திலேயே இருந்தது. குலத் தலைவரான என் பெரியப்பா லியாவ் கியெட்சான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார். அதற்கு முன்பே நான் படித்திருந்தேன்.

3. என் தாயார் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வழக்கப்படி இவ்வாண்டு அவர் எலும்புகளைத் தோண்டிக் கழுவி, உலர்த்திச் சாடியில் வைத்தோம். நானும் கழுவினேன். சென்ற பத்தாம் தேதி விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றபோது, "அண்ணே, அது அந்தப் புள்ளையோட அம்மா" என்று தந்தை சொல்வது கேட்டது. பெரியப்பா சிரித்தார். "எலும்புல பேரா எழுதியிருக்கு? மண்ணுக்குள்ள போனா எல்லாரும் பழசுதான்டா. உம் பொண்டாட்டிக்கு யோகம், குலமே வந்து கும்பிடப் போகுது" என்றார். தந்தை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

4. அன்று மாலையே தாயாரின் சாடியை மேட்டில் புதைத்தார்கள். சாணக் குழம்பில் ஊறவைத்துப் பழசாக்கிய கல்லில் மூதாதையின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ஐயா, சாடியைத் திறந்தால் இடது முன்கை எலும்பு கோணலாக ஒட்டியிருக்கும். விறகுக் கட்டோடு விழுந்து முறிந்தது அது.

நாய் குரைத்ததால் விளக்கை அணைத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும்.

5. என் பக்கத்தில் அமரும் வென் சுக்மெய் நேற்று, "மறுபடியும் எங்கடி போவோம்? உங்க பெரியப்பாகிட்டயே கேட்டுச் சொல்லேன்" என்றாள். அங்கே முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள்.

6. ஊர்க் காவலர் எங்கள் குலத்தவர். ஆகவே பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சாடியைத் திறந்தபின் கால் எலும்புகளை அடியிலும் மண்டையோட்டை மேலேயும், அவர் உட்கார்ந்திருப்பது போல் வைக்கச் சொல்லுங்கள்.

இரத்த உறவின் சம்மதமின்றிச் சாடியைத் திறக்கக் கூடாது என்று குலத்தார் தங்களைத் தடுப்பார்கள். அதனால் பெயரை மறைக்க வழியில்லை. மகளாகிய நான் சம்மதிக்கிறேன்.

இடம்: சாக்காங்
நாள்: சீனக் குடியரசு 24ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் 19

லியாவ் ஃபுங்தாய்,
சாடியிலுள்ள யாப் சியூகின் என்பவரின் மகள்