தர்மனுக்கு முன்னால் போகமாட்டேன்

1966 ஆகஸ்ட் 1

நேற்று ஆடித் திருவிழாவில் தெருவே பார்க்க என் மானம் போயிற்று.

எங்கள் தெரு அம்மன் கோயிலில் பரிவட்டம் ஒரு வருஷம் பெரியப்பா வீட்டுக்கு, மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு. அப்பா காலத்துப் பேச்சு. இந்த வருஷம் என் முறை. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறேன், பெரியப்பா மகன் தர்மன் பூசாரியிடம் போய்த் தலையை நீட்டிவிட்டான். கேட்டால், “நான் உசுரோட இருக்கிற வரிக்கும் இது உன் தலைக்கு வராதுடா ராமலிங்கம்” என்கிறான். பரிவட்டம் கட்டியவன் வெறுங்காலோடு அம்மனுக்கு முன்னால் வீதி முழுக்க நடக்க வேண்டும். நடந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தான்.

சரி. உயிரோடு இருக்கிற வரைக்கும்தானே?

ஆகஸ்ட் 21

சங்கக் கட்டடத்தில் நெசவாளர்களுக்கு இலவசமாக உடம்பு பார்த்தார்கள். என் மனைவி லோகாம்பாள் நச்சரிப்புத் தாங்காமல் போனேன். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை வியாதியாம்.

“இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. நாளெல்லாம் தறிக்குழியிலயே உட்கார்ந்திருக்கீங்க. வாயைக் கட்டுங்க, தினமும் நடங்க. அலட்சியமா இருந்தா காலுக்கு ஆபத்து” என்றார் டாக்டர்.

அப்பாவுக்குக் காலை எடுத்தது நினைவுக்கு வந்தது. பெரியப்பாவும் இதே வியாதியில்தான் போனார். ஆனால் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். நான் முந்திக்கொண்டால்? தர்மன் என் பாடைக்குத் தோள் கொடுப்பான். பங்காளி என்று தீட்டுக் காப்பான். அப்புறம் காலமெல்லாம் அவனே பரிவட்டம் கட்டிக்கொள்வான்.

விடமாட்டேன்.

ஆகஸ்ட் 22

சர்க்கரை இல்லாத காப்பி. குமட்டியது. தர்மன் முகத்தை நினைத்துக்கொண்டேன், இறங்கிவிட்டது.

செப்டம்பர் 18

விடிந்ததும் ஏகாம்பரநாதர் கோயில் மதிலைச் சுற்றிவிட்டுத்தான் தறியில் இறங்குகிறேன். கேழ்வரகுக் களி, கீரை, மோர். “நான் தலப்பாடா அடிச்சுக்கினேன், கேக்கல. தர்மன் ஒரு வார்த்தை சொன்னாரு, உடம்பைப் பாத்துக்கிறீங்க” என்கிறாள் லோகாம்பாள். சிரிக்கிறாள் வேறு.

தர்மன் பரிசோதனைக்குப் போகவில்லை. “எனக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி இருக்கிறேன்” என்றானாம். ஆனால் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான் என்று அவன் மனைவி பொன்னியம்மாள் குழாயடியில் புலம்பியிருக்கிறாள். அது எதற்கு அறிகுறி என்று எனக்குத் தெரியும். நான் ஏன் சொல்ல வேண்டும்?

நவம்பர் 9

தீபாவளிப் பலகாரம். பெரிய தாம்பாளம் நிறைய அதிரசம் அடுக்கி தர்மன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். “பேச்சு வார்த்தையே இல்ல, இனிப்பு எதுக்கு?” என்றாள் லோகாம்பாள். பங்காளிதானே, நாலு அதிரசம் கூடத் தின்னட்டும் என்றேன்.

தின்னட்டும். நன்றாகத் தின்னட்டும்.

நவம்பர் 14

தாம்பாளம் திரும்பவில்லை.

1967 பிப்ரவரி 12

பொன்னியம்மாள் அழுதுகொண்டு வந்தாள். தறிக்குழியில் மிதிப்பலகையின் மரச்சிலாம்பு தர்மன் பாதத்தில் ஏறியிருக்கிறது. ஏறியதே அவனுக்குத் தெரியவில்லை. குழிக்குள் ரத்தத்தைப் பார்த்து இவள்தான் கத்தியிருக்கிறாள். மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு மறுபடியும் நெய்ய உட்கார்ந்துவிட்டானாம். “கட்டைவிரல் கருத்துக்கினு வருது தம்பி. ஆஸ்பத்திரின்னா எரிஞ்சு விழறாரு.”

அவளை அனுப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இந்த ஆடிக்கு அவன் இருக்கமாட்டான். நான் எதுவும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

இதைத்தானே கேட்டேன்?

ஆனால் செத்துப்போனவனை என்ன ஜெயிப்பது? பங்காளி போனதால் வந்தது என்றுதானே ஊர் சொல்லும்? என் தலையில் பரிவட்டம் ஏறுவதை அவன் பார்க்க வேண்டாமா? கண்ணால் பார்க்க வேண்டும், வயிறு எரிய வேண்டும். அத்தனை சுலபமாகச் செத்துத் தப்பித்துவிடலாம் என்று பார்க்கிறானா, பாவி?

பிப்ரவரி 13

குதிரை வண்டியோடு போய் நின்றேன். “நீ யார்டா என்னைக் கூப்புட?” என்று கத்தினான். “ஏறுய்யா. ஆடி வரிக்கும் நீ சாவக்கூடாது” என்றேன். என்ன நினைத்தானோ, ஏறிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கும் அதே செங்கல் நிறம்.

பிப்ரவரி 20

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். கால் பிழைத்தது. ஊசி தினமும் போட வேண்டும். இனிமேல் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கேட்டதும் எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

ஜூலை 31

நேற்று பரிவட்டம் என் தலையில். செருப்பில்லாமல் நடக்க முடியாதவனுக்குக் கட்ட முறையில்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். தர்மன் கைத்தடியோடு பந்தக்காலில் சாய்ந்து நின்றான். பார்த்தான். நானும் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். வருஷம் முழுக்கக் காத்திருந்த பார்வை.

சுற்றி வந்ததும் முதல் மரியாதை, தொன்னை வழிய சர்க்கரைப் பொங்கல். முந்திரி, நெய். கூட்டம் பார்க்கிறது. தர்மன் குரல்தான் முதலில் வந்தது. “சாப்புடுப்பா. வெச்சுக்கினு நிக்காத.”

கண்ணில் ஒற்றி, ஒரு பருக்கையை நாக்கில் வைத்துக்கொண்டு லோகாம்பாளிடம் கொடுத்துவிட்டேன். தொண்டை வரைக்கும் ஆசை இருந்தது.

ஆகஸ்ட் 2

தீபாவளிக்குப் போன தாம்பாளம் இன்று திரும்பி வந்தது. நிறைய அதிரசம். “மரியாதை வாங்கினவருக்குக் குடுக்கச் சொன்னாரு” என்றாள் பொன்னியம்மாள். அன்றைக்கு நான் எதற்கு அனுப்பினேன் என்று தெரிந்துகொண்டுவிட்டான்! லோகாம்பாள் அப்படியே தெருவில் கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3

விடியலில் மதில் ஓரமாகப் போகிறேன், பின்னால் கைத்தடிச் சத்தம். தர்மன். கனமான தோல் செருப்பு.

“நீ எங்க இங்க?”

“நடக்கச் சொன்னாங்க. நீ போனப்புறம் பரிவட்டம் கட்ட ஆள் வேணும் இல்ல? கால் ஆறட்டும், பூசாரிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

நாளையிலிருந்து இரண்டு சுற்று.