ஐந்து மணிக்கு அடித்த கார்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். நீ ஓடிப்போய் இரண்டு மாதம் ஆகிறது. உன் சிநேகிதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் மாமாவுக்கு வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தகடு அழுத்தும் மெஷினில் நசுங்கியதில் எதுவும் தேறவில்லையாம். இப்போது இடது கையால் பல் தேய்க்கப் பழகுகிறார். "இந்த வயசுல மறுபடி பாலர் வகுப்பு" என்று சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார். நேற்று நெற்றியில் ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

சூப்பர்வைசருக்குத் தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்களாம். உறிஞ்சித்தான் சாப்பாடு. நீ ஸ்பேனரால் அடித்தது தப்பு என்று கேட்கிறவர்களிடம் சொல்லிவைக்கிறேன். ஆனால் மாமாவின் கை மெஷினுக்குள் இருக்கும்போதே, "இவன் கார்டு அஞ்சு மணிக்கே அடிச்சாச்சு, இழுத்து கேட்டுக்கு வெளிய போடுங்க" என்றானாமே, பாவி! நான் அங்கே இருந்திருந்தால் தாடையோடு விட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கார்டை அடித்தது நான்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் சட்டம் கேள்வி கேட்கும் என்று, ஐந்து மணிக்கே வேலை முடிந்து போய்விட்டதாக எல்லார் கார்டையும் டைம் ஆபீசில் நானே அடித்து வைப்பேன். நீங்கள் ஏழு வரை மெஷினில் நிற்பீர்கள். புருஷன் கார்டு, தம்பி கார்டு எல்லாம் சேர்த்துத்தான் அடித்தேன். ஒருநாளும் எனக்கு உறுத்தவில்லை. மாமாவின் கை போனது ஆறரைக்கு. வெளியே போனவர் திருடத் திரும்பி வந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது.

போன வாரம் நாலு பேர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். "கார்டைப் பத்தி வாயத் திறந்தா அந்தாளுக்கு மிச்சக் கையும் இருக்காது" என்றான். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டி எடுத்து அவன் தொடையில் கொட்டினேன். அலறினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் எதற்கு? மற்றவர்கள் உதைத்ததில் எனக்கு ஒரு விலா எலும்பு விரிசல். மூச்சு விட்டால் வலிக்கிறது.

மாமாவின் நஷ்டஈட்டு விசாரணையில் கார்டு விஷயத்தை நானே சொல்லப்போகிறேன். வேலை போகட்டும். ஆனால் யூனியன் வக்கீல், "பொண்டாட்டி சாட்சி மட்டும் நிக்காதும்மா. ஆறரைக்கு மெஷின்ல அவரைப் பார்த்தேன்னு கூட நின்ன ஒருத்தன் சொல்லணும்" என்கிறார். உன்னைத் தவிர, கூட நின்ற பதினொரு பேரும் ஐந்துக்கே வீட்டுக்குப் போய்விட்டதாகக் கையெழுத்துப் போட்டாயிற்று. பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. ஆனாலும் திட்டினேன்.

விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தொழிலாளர் அலுவலகத்தின் மாடியறையில். வாசலில் உனக்காகப் போலீஸ் நிற்கும். பிடித்தால் முதலில் அடிப்பார்கள், பிறகுதான் பேர் கேட்பார்கள். உன்னைக் கூப்பிடக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் மீறவில்லை. கிழமையையும் நேரத்தையும் இடத்தையும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் இரண்டு கையோடும் நன்றாக இருடா, தம்பி.

உன் அக்கா