தூக்கத்தில் சொன்ன பதில்கள்

பதிவு 1. மார்ச் 4, காலை 8.00

நிலாத் தென்முனை, பனி தோண்டும் நிலையம். ஆள் இரண்டே பேர்: துளைபோடும் பொறியாளர் இருதயராஜ், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் நான், வசுமதி. தண்ணீர் எடுப்பு திருப்தி. காற்றழுத்தம் சரி. ராஜ் அண்ணன் வெளியே பள்ளத்தில், நான் உள்ளே காவல் நாற்காலியில். வெளியே இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிடுவார், உள்ளே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவர் திரும்பிவிட வேண்டும். இதைவிடப் பெரிய சட்டம் இங்கே இல்லை.

பதிவு 2. மார்ச் 9, பகல் 11.30

இன்றும் காவலில், இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தூங்கிவிட்டேன். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தவள்! பூமியிலிருந்து டாக்டர் ஃபரீதா போன மாதம் எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக ஒரு பாடம் நடத்தினார். அடக்க முடியாத பகல்தூக்கம் மூளையில் வரும் நோய், சோம்பேறித்தனம் அல்ல, சிரிப்பிலோ பயத்திலோ உடம்பு தளர்வதும் அதில் சேர்த்தி, வெட்கப்பட்டு மறைப்பதில்தான் ஆபத்து, மாத்திரை இருக்கிறது என்றார். தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தேன். ஒரு வார்த்தை உள்ளே இறங்கவில்லை. தூங்குமூஞ்சிக்கு நோய் என்று பட்டுச்சட்டை மாட்டிவிட்டால் ஆயிற்றா? சொன்னால் என்னைப் பூமிக்குத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள்.

சிரித்தாலும் முழங்கால் விட்டுப்போகிறது. நேற்று அண்ணன் சொன்ன கதைக்குச் சிரித்து, சுவரோடு சரிந்தேன். அதை மறைக்க அவர்மேல் எரிந்து விழுந்தேன், சாப்பிடும்போது வளவளவென்று பேசாதீர்கள் என்று. இன்று பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். பாவம், பேச்சுதான் அந்த மனிதருக்குச் சோறு.

பதிவு 3. மார்ச் 15, மாலை 5.00

வழி கண்டுபிடித்துவிட்டேன். ஓய்வு நேரத்தில் அவருடைய பழைய அழைப்புகளைக் காதில் ஓடவிட்டுக்கொண்டு தூங்கிப் பழகுகிறேன். குரல் கேட்டதும் வாய் "சரிண்ணே" என்கிறது. கண் திறப்பதில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால், இன்று காவலில் மூன்று அழைப்புகளுக்கு அப்படியே பதில் போயிருக்கிறது, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பதிவு 4. மார்ச் 22, மதியம் 1.00

ஒலிப்பதிவில் இருப்பதை அப்படியே இறக்குகிறேன்.

10.10. ராஜ்: "ஏட்டி வசு, பாறை சரிஞ்சி கால் மாட்டிக்கிச்சி. வண்டிய அனுப்பு." நான்: "சரிண்ணே."

10.20. ராஜ்: "வண்டி கெளம்பிட்டா?" நான்: "சரிண்ணே."

10.30. ராஜ்: "என்னட்டி, ஒண்ணயும் காணும். பாதம் மரத்துப்போச்சி." நான்: "சரிண்ணே."

கடப்பாரையால் தானே நெம்பி, தவழ்ந்து வந்து சேர்ந்தார். கதவுச் சத்தத்தில்தான் நான் எழுந்தேன். வலது பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. என்ன நடந்தது என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பூமிக்கு அவரே பேசினார்: "ரேடியோ மக்கர் பண்ணிட்டு சார். பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

அப்போது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதி வந்தது. தப்பித்தேன் என்ற நிம்மதி. விரல் கறுத்த மனிதர் எதிரில் உட்கார்ந்து காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு நிம்மதி! என்னைப் போல் ஒரு பாவி உண்டா?

பதிவு 5. மார்ச் 26, காலை 9.40

துளைக்கருவி உறைந்து நின்றுவிட்டது. அண்ணன் நொண்டிக்கொண்டே பள்ளத்துக்குப் போயிருக்கிறார். நான் போகிறேன் என்றேன், அந்தக் கருவி உனக்குப் பழக்கமில்லை என்றுவிட்டார். தூங்கிவிடுவேன் அண்ணே என்றும் சொல்லிப் பார்த்தேன். பார்த்துக்கலாம் என்று கிளம்பிவிட்டார். பூமி உத்தரவு போட்டால்தான் திரும்புவார்.

இன்று சொல்லிவிடுகிறேன். பூமிக்குச் செய்தி அடிக்கிறேன்: "ரேடியோவில் கோளாறு இல்லை. நான் காவலில் தூங்கினேன். உடனே ராஜை உள்ளே அழையுங்கள்." பயத்தில் கை தளர்கிறது. எழுத்து கலங்கு

பதிவு 6. அதே நாள், 11.15

விழித்துக்கொண்டேன். செய்தி போயிருக்கிறது. ஆனால் போனது இது: "ரேடியோ சரிசெய்யப்பட்டது. நான் நலம். காவல் தொடர்கிறது. வசுமதி." நான்தான் அடித்திருக்கிறேன். தூக்கத்திலும் என் மானத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறேன். பூமியின் பதில்: "மகிழ்ச்சி. தொடருங்கள்."

அதன் கீழே அண்ணனின் அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் என் குரலில் பதில் இருக்கிறது. அவர் என்ன கேட்டார் என்று போட்டுக் கேட்கத் துணிவில்லை. 10.40க்குப் பிறகு அழைப்பே இல்லை.

உண்மையைப் பூமிக்கு இப்போது வாயால் சொல்லிவிட்டேன். பள்ளத்துக்குப் போகக் காற்று உடுப்பில் ஒரு கால் நுழைத்தபடி எழுதுகிறேன். இது யார் கையில் கிடைத்தாலும் சரி, அந்த மனிதர்மேல் தப்பில்லை. ரேடியோமேலும் தப்பில்லை.

11.19. நான்: "அண்ணே, வசு பேசுறேன். கேக்குதா?"

11.20. நான்: "அண்ணே, முழிச்சிட்டேன். இப்ப நெசமாவே முழிச்சிட்டேன். ஏதாவது கேளுங்கண்ணே."