பூரணி அக்கா சொன்ன நேரம்

மேல் பிரிவு லயம்,
டயகம.
09.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மகள் அனுஷ்காவும் சுகம். நான் அனுப்பிய கம்பளிச் சட்டை கைக்கு வந்ததா? இங்கே விடியற்காலைப் பனியில் கொழுந்தெல்லாம் கருகிப்போகிறது. அங்கே நீங்கள் வெறும் சிமெந்துத் தரையில் படுத்திருப்பீர்களே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

விசாரணை மார்ச் 19 என்று சட்டத்தரணி பிரதாப் ஐயா சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையாவைக் குறுக்குப் பாதையில் வெட்டியது நீங்கள் இல்லை என்று சொல்ல நமக்கு இருப்பது ஒரே சாட்சி, பக்கத்து வீட்டுப் பூரணி அக்கா. "விடிய வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்குச் சங்கு ஊதுறப்போ ஜெரோஷன் தம்பி பீலித் தண்ணியில மொகம் கழுவிக்கிட்டு இருந்துச்சு. நான் கொடத்தோட நின்னேன்" என்று பொலிஸில் சொன்னதையே இன்றைக்கும் சொல்கிறார்.

டிவியில் 'எதிரித் தரப்பு' என்று ஒரு புது நாடகம் போடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் சட்டத்தரணிகளின் கதை. ஏழு மணியானால் லயத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வீரம்மா அக்கா வீட்டில்தான். போன கிழமை ஒரு கொலைகாரனை அவனுடைய சட்டத்தரணி பேசிப் பேசியே வெளியில் கொண்டுவந்துவிட்டார். மூக்கன் மாமா சும்மா இருக்கமாட்டாரே. "கெட்டிக்கார லோயர் கெடைச்சா வெட்டுனவனும் வீட்டுக்கு வந்துருவான்" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது.

நேற்று ஒரு சாட்சிக்காரியைக் கூண்டில் ஏற்றி, "எத்தனை மணி? எத்தனை நிமிடம்?" என்று கேட்டுக் கேட்டே அழவைத்தார்கள். அவள் தெரியாது என்றாள். வழக்கே போய்விட்டது. பூரணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ புள்ள, என்னையும் இப்பிடித்தான் கேப்பாங்களா?" என்றார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவரைக் கொஞ்சம் பழக்கி எடுக்க வேண்டும்.

உங்கள் அன்பு மனைவி,
றொசானா

ரிமாண்ட் சிறை
25.02.2025

அன்பு றொசானாவுக்கு,

சட்டை கிடைத்தது. இரவில் அதுதான் துணை. அனுஷ்காவை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் அனுப்பு.

அந்த நாடகத்தை நாங்களும் பார்க்கிறோம். ஒரே மண்டபத்தில் நூற்றைம்பது பேர். சிங்களப் பையன்களுக்கு ராகலைப் பக்கத்து ஆள் ஒருவர் கதை சொல்லிக்கொடுக்கிறார். சட்டத்தரணி மடக்கி மடக்கிக் கேட்கும்போது விசில் பறக்கும். சாட்சி வாயைத் திறந்தால் மட்டும் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. நீங்கள் அங்கே சட்டத்தரணியைப் பார்க்கிறீர்கள், நாங்கள் இங்கே சாட்சியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு அதுதான் பயம்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். பூரணி அக்காவுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்காதே. கண்டாக்கையா அலறியதும் சங்கு ஊதியதும் ஒரே நேரம் என்று பொலிஸ் அறிக்கையிலேயே இருக்கிறதாம். பிரதாப் ஐயா போன தடவை வந்தபோது வாசித்துக் காட்டினார். சங்கு ஊதும்போது என்று அக்கா சொன்னால் போதும், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். மணி, நிமிடம் ஒன்றும் வேண்டாம். அவரை அவர் பாட்டுக்கு விடு.

கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். தமிழ் வாசிக்கிற ஐயா லீவில் போயிருக்கிறார். அவர் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஜெரோஷன்

டயகம
14.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நேரில் வந்து பார்க்கவும் இந்த மாதம் பஸ் காசு சேரவில்லை. என்மேல் கோபமா, காய்ச்சலா, அடித்தார்களா? என்னென்னவோ நினைத்துப் பயந்து சாகிறேன்.

இங்கே நாங்கள் சும்மா இருக்கவில்லை. நாடகம் முடிந்ததும் வீரம்மா அக்கா கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணியாகிவிடுவார். பூரணி அக்காவை உரல் பக்கத்தில் நிறுத்தி, "எத்தன மணி?" என்று அதட்டுவார். "ஆறு மணி இருவத்தெட்டு நிமிசம். வீட்டு மணிக்கூட்டப் பாத்துட்டுத்தான் பீலிக்குப் போனேன்." இப்போது தடங்கலே இல்லாமல் சொல்கிறார். முந்தாநாள் ஒரு தடவை மட்டும் வாய் தவறி, "சங்கு ஊதுறப்போ" என்றார். சரியான நிமிடம் சொன்னால்தான் நம்புவார்கள் என்று நான் கத்திவிட்டேன். பாவம், "சரி புள்ள, இனி சொல்லமாட்டேன்" என்றார்.

அவருக்கு மணி பார்க்கத் தெரியாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீதிமன்றத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்? பிரதாப் ஐயாவிடம்கூட நாங்கள் சொல்லவில்லை. நாடகத்தில் தங்கள் சட்டத்தரணிக்கே தெரியாமல் வந்த சாட்சிதானே ஜெயித்தது!

புதன்கிழமை விடிய முதல் பஸ்ஸில் வருகிறோம். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரியுங்கள். அதுபோதும்.

உங்கள்
றொசானா

டயகம
21.03.2025

அத்தான்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேற்றுப் பின்னேரம் உங்கள் கடிதம் வந்தது. பெப்ரவரி 25ஆம் தேதி எழுதியது.

கண்ணை மூடினால் நீதிமன்றச் சுவரில் இருந்த அந்த மணிக்கூடுதான் தெரிகிறது. "ஆறு மணி இருவத்தெட்டு நிமிசம்" என்று அக்கா கணீரென்று சொன்னதும் நான் உள்ளுக்குள் ஜெபம் சொன்னேன். பொலிஸ் பக்கத்துச் சட்டத்தரணி அதட்டவில்லை, மடக்கவில்லை. சுவரைக் காட்டி, "அம்மா, இப்ப மணி என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று தன்மையாகத்தான் கேட்டார். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தபோது நீதிபதியும் என்னைப் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதும் அக்கா அழத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு சங்கு என்று அவர் எத்தனை தடவை சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கரப்பத்தனை தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "புள்ள, சங்கு ஊதுறப்போ நான் தம்பிய பாத்தது நெசந்தானே. அத மட்டும் சொல்ல விட்டிருந்தா பயமில்லாம சொல்லியிருப்பேனே."

அத்தான், அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அக்கா நம்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். வெட்டு நடந்ததற்கு முதல் நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லோர் முன்னாலும், "உன்ன சும்மா விடமாட்டேன்" என்று கண்டாக்கையாவைப் பார்த்து நீங்கள் கத்தியதைக் கேட்டவள் நான். உங்கள் கோபம் எனக்குத் தெரியும். மறுநாள் விடியற்காலையில் நான் எழுந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. மூக்கன் மாமா சொன்னதைக் கேட்டு எனக்கு வியர்த்தது அவமானத்தால் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய்யைத்தானே திருத்துகிறேன் என்று நினைத்து, உண்மையைக் கெடுத்துவிட்டேன்.

என்னை ஏசுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

றொசானா

ரிமாண்ட் சிறை
06.04.2025

றொசானாவுக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஏச வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். வரவில்லை.

பிரதாப் ஐயா வந்து போனார். பூரணி அக்காவை மறுபடி விசாரிக்க அனுமதி கேட்டிருக்கிறார். கிடைத்தால் மே 14. இல்லாவிட்டால் எத்தனை வருடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்காவிடம் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். அவர் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடு. வழக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாதே.

இந்த நாலு மாதத்தில் எத்தனை கடிதம் எழுதினாய், எத்தனை தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாய். "நீங்கள்தான் வெட்டினீர்களா?" என்று ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லையே. என்மேல் உள்ள நம்பிக்கை என்று நினைத்துப் பக்கத்தில் படுப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொலிஸ் கேட்டது, நீதிபதி கேட்டார். நீ கேட்கவில்லை.

மே 14 அன்று நீ நீதிமன்றத்துக்கு வராதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ அங்கே உட்கார்ந்திருந்தால் நீதிபதி சொல்வது என் காதில் விழாது. இப்போதாவது நம்புகிறாளா என்று உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தீர்ப்பைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

மகளுக்கு என் முத்தங்கள்.

ஜெரோஷன்